பெரிய கண்ணாடியை மூடிவைத்த பெரிய மனிதர்கள்

1839ஆம் ஆண்டின் கடைசி இரவு. இங்கிலாந்தில் ஸ்லவ் என்கிற ஊரில் ஒரு குடும்பமே நாற்பதடி நீள இரும்புக் குழாய்க்குள் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. புத்தாண்டு இரவாயிற்றே, ஏதாவது உள்ளே போயிருக்குமோ என்று சந்தேகப்படாதீர்கள். அது இறுதிச் சடங்கு. செத்துப்போனது அந்தக் குழாய். ஜான் ஹெர்ஷல் தன் அப்பா கட்டிய தொலைநோக்கிக்குத் தானே இரங்கல் பாட்டு எழுதி, பெண்டாட்டி பிள்ளைகளோடு அதன் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து பாடி வழியனுப்பினார்.

அப்பா வில்லியம் ஹெர்ஷல் லேசுப்பட்ட ஆளில்லை. யுரேனஸைக் கண்டுபிடித்தவர். அந்தப் பெயரைக் காட்டி மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் 4,000 பவுன் வாங்கி, 1789இல் உலகத்திலேயே பெரிய தொலைநோக்கியைக் கட்டி முடித்தார். கண்ணாடி மட்டும் நாலடி அகலம், கிட்டத்தட்ட ஒரு டன் எடை. குழாய் தரையில் படுத்துக் கிடந்த காலத்தில் மன்னர் வந்தார், உள்ளே நடந்தார், பின்னால் தடுமாறிய ஆர்ச்பிஷப்புக்குக் கைகொடுத்து, சொர்க்கத்துக்கு நான் வழி காட்டுகிறேன் என்று ஜோக்கும் அடித்ததாகக் கதை. சுற்றி நின்றவர்கள் சிரித்திருப்பார்கள். மன்னர் ஜோக்காயிற்றே.

எல்லாம் பிரமாதம். ஒரே ஒரு குறை, படம் சரியாக விழவில்லை. அந்தக் காலத்து உலோகக் கண்ணாடி பளபளப்பை இழந்து சீக்கிரமே கறுத்துவிடும். இத்தனை பெரிய ராட்சசனைத் திருப்பி நிறுத்துவதற்குள் இங்கிலாந்து மேகம் வந்துவிடும். ஹெர்ஷல் என்ன செய்தார் தெரியுமா? சத்தம் போடாமல் தன்னுடைய பழைய இருபதடித் தொலைநோக்கிக்குத் திரும்பினார். விருந்தாளிகள் பெரியதைப் பார்த்தார்கள், அவர் சின்னதில் வானத்தைப் பார்த்தார்.

இதிலிருந்து வானியலாளர்கள் பாடம் கற்றிருப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் வானியலாளர்களோடு பழகியதில்லை. ‘என் கண்ணாடி எத்தனை அங்குலம்’ என்பது அவர்களுடைய நிரந்தர வியாதி. நியாயமும் உண்டு. கண்ணாடி அகலமாக ஆகத்தான் நுணுக்கம் கூடும். சின்னக் கண்ணாடியில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தால் குட்டி வட்டமாகத் தெரியும். ஆகா, நட்சத்திரத்தின் முகத்தையே பார்த்துவிட்டோம் என்று எத்தனையோ பேர் புளகாங்கிதம் அடைந்தார்கள். 1835இல் ஜார்ஜ் ஏரி என்பவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: ஐயா, நீங்கள் பார்க்கும் வட்டம் உங்கள் கண்ணாடியின் அகலத்தால் வருவது, நட்சத்திரம் அதைவிட ரொம்பப் பொடி. அத்தனை பேரும் அத்தனை நாளாகத் தங்கள் கண்ணாடியின் முகத்தைத்தான் ரசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அப்புறம் 1868இல் பாரிஸில் ஃபிஸோ. ஒளியின் வேகத்தைத் தரையிலேயே அளந்த பெரிய மண்டை. ஏதோ ஒரு பரிசுப் போட்டிக்கான அறிக்கையில், போகிற போக்கில், ஒரு யோசனையைத் தட்டிவிட்டுப் போனார். பெரிய கண்ணாடியை முழுக்க மூடுங்கள். இரண்டு ஓரத்தில் மட்டும் இரண்டு ஓட்டை விடுங்கள். இரண்டு வழியாக வரும் வெளிச்சமும் ஒன்று சேரும்போது கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் விழும். நட்சத்திரம் வெறும் புள்ளி என்றால் பட்டை பளிச்சென்று இருக்கும், கொஞ்சம் உருவம் உள்ளது என்றால் மங்கும். ஓட்டைகளை நகர்த்திக்கொண்டே போய், பட்டை எங்கே காணாமல் போகிறதோ அந்த இடைவெளியை அளந்தால் நட்சத்திரத்தின் அகலம் கிடைத்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். ராஜாக்களிடம் கையேந்தி, வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய கண்ணாடியில் இரண்டு ஓரம் போதும், மிச்சத்தை மூடு என்கிறார் இந்த மனுஷன். இன்று செயற்கைத் துளை இமேஜிங் என்று பெரிய பெரிய மாநாடு நடத்துகிறார்களே, அதன் பூர்வாசிரமம் இதுதான்.

சொன்னபடி செய்தவர் மார்சேய் வானாய்வகத்தின் தலைவர் எட்வார்ட் ஸ்தெஃபான். எண்பது சென்டிமீட்டர் கண்ணாடியை மூடி, ஓட்டை விட்டு, 1873இலும் 74இலும் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் பட்டை பளிச். ஒன்றிலும் மறையவில்லை. ஆக, எந்த நட்சத்திரமும் 0.158 ஆர்க் செகண்டைத் தாண்டாது என்று அறிக்கை கொடுத்துவிட்டு நகர்ந்தார். பாவம், இந்த உழைப்புக்கு அவருக்குப் பெயர் வரவில்லை. பிற்பாடு தற்செயலாக அவர் கண்ணில் பட்ட ஐந்து கேலக்ஸிக் கூட்டத்துக்கு ‘ஸ்தெஃபானின் ஐவர்’ என்று பெயர் வந்து, 1946இல் அது ஹாலிவுட் படத்தில் தேவதைகளாக நடித்தும் விட்டது.

இப்போது கதாநாயகன் என்ட்ரி. ஆல்பர்ட் மைக்கேல்சன். கடற்படை அகாடமியில் சேர இடம் கேட்டு, பதின்வயதிலேயே நேராக வாஷிங்டன் போய், நாயை நடத்திக்கொண்டிருந்த ஜனாதிபதி கிராண்ட்டை மடக்கினார். ஜனாதிபதியின் கோட்டாவில் இருந்ததே பத்து இடம், பத்தும் போய்விட்டது. எப்படியோ பதினோராவது இடம் முளைத்தது. என் வாழ்க்கையே ஒரு சட்டவிரோதக் காரியத்தில்தான் ஆரம்பித்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

மைக்கேல்சனுக்கு ஒரு விசேஷத் திறமை. ‘இல்லை’ என்பதை அவர் அளவுக்குத் துல்லியமாகக் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. 1887இல் மார்லியோடு சேர்ந்து, ஒளியைச் சுமந்து வருவதாக எல்லோரும் நம்பிய ஈதரின் காற்றைத் தேடினார். இல்லை. உலகப் புகழ். 1894இல் சிகாகோவில் ஒரு லேப் திறப்பு விழாவில் பேசும்போது, இயற்பியலில் அடிப்படையாகப் புதுசாக வர இனி அநேகமாக ஒன்றுமில்லை, தசமப் புள்ளிக்குப் பிறகு ஆறாவது இலக்கத்தில்தான் வேலை பாக்கி என்கிற தோரணையில் பேசினார். அடுத்த வருஷம் எக்ஸ்ரே வந்தது. அதற்கடுத்த வருஷம் கதிரியக்கம். அதற்கும் அடுத்த வருஷம் எலக்ட்ரான். இந்த ஒரு ‘இல்லை’ மட்டும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

நட்சத்திர விஷயத்துக்கு வருவோம். 1890இல் ஃபிஸோவின் அதே வித்தையை இவரும் எழுதினார், 1891இல் லிக் வானாய்வகத்தில் வியாழனின் நிலாக்களை அளந்தும் காட்டினார். பிரமாதமாக வந்தது. அதோடு கடையைக் கட்டிவிட்டு ஏறக்குறைய முப்பது வருஷம் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

நட்சத்திரத்துக்கு அவருடைய சாதனம் போதவில்லை என்பதும் உண்மை. பெரிய கண்ணாடி வேண்டும். அது கலிஃபோர்னியாவில், வில்சன் மலையில், ஜார்ஜ் ஹேல் என்பவரின் தலைவலியாக வளர்ந்துகொண்டிருந்தது. ஹூக்கர் என்கிற லாஸ் ஏஞ்சலீஸ் ஹார்டுவேர் வியாபாரி தன் பெயர் வைப்பதற்காக 45,000 டாலர் கொடுத்திருந்தார். பிரான்ஸிலிருந்து 1908இல் நூறு அங்குலக் கண்ணாடி வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கொப்புளம் கொப்புளமாகக் காற்று. மறுபடி வார்க்கச் சொன்னார்கள், சரிவரவில்லை. கடைசியில் அந்தக் கொப்புளக் கண்ணாடியையே தேய்க்க ஆரம்பித்தார்கள். தேய்த்து முடித்து மாட்டுவதற்குள் ஹூக்கர் காலமாகிவிட்டார். பெயர் மட்டும் இருந்தது.

1917 நவம்பர் முதல் தேதி இரவு, முதல் தரிசனம். வியாழனை நோக்கித் திருப்பி ஹேல் கண்ணை வைத்தார். ஒரு வியாழனுக்குப் பதில் ஆறேழு வியாழன், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. அந்த நிமிஷம் ஹேலின் வயிற்றில் என்ன நடந்திருக்கும்! பகலில் வேலையாட்கள் கூரையைத் திறந்து வைத்ததில் வெயில் பட்டுக் கண்ணாடி சூடேறியிருக்குமோ என்று ஒரு நப்பாசை. படுத்தார், தூக்கம் வரவில்லை. விடிவதற்கு வெகு முன்பே திரும்பி வந்து ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார். ஊசிமுனை போல் ஒரே புள்ளி. பத்து வருஷப் பாடு, இத்தனை டாலர், அத்தனைக்கும் தீர்வு என்னவென்றால் கொஞ்சம் ஆறவிடுவது.

இப்படிப் பெற்ற கண்ணாடியின் தலைமேல் 1920இல் இருபதடி இரும்பு உத்தரம் ஒன்றை வைத்துக் கட்டினார்கள். உத்தரத்தில் ஆளுக்கு ஆறங்குலத்தில் நாலே நாலு சின்னக் கண்ணாடிகள். இரண்டு ஓரத்தில் நகரும், இரண்டு நடுவில் வெளிச்சத்தைக் கீழே அனுப்பும். டிசம்பர் 13. நமக்கு மார்கழி பிறக்க இன்னும் ஓரிரு நாள். குறிவைத்த நட்சத்திரம் எது தெரியுமா? மார்கழிக்கே சொந்தக்காரரான நம்ம திருவாதிரை. மேல்நாட்டுப் பெயர் பீட்டல்ஜூஸ்.

ஃபிரான்சிஸ் பீஸ், ஜான் ஆண்டர்சன் இருவரும் கண்ணாடிகளை மெல்ல நகர்த்தினார்கள். பட்டை மங்கியது. இன்னும் கொஞ்சம். காணோம்! சாதனம்தான் கோணிவிட்டதோ என்று வேறு நட்சத்திரங்களைப் பார்த்தார்கள், அங்கே பட்டை ஜம்மென்று இருந்தது. திருவாதிரையில் மட்டும் காணோம். இடைவெளி 121 அங்குலம். இருபதடி உத்தரத்தில் பாதிதான் தேவைப்பட்டது என்பதை யாரும் ஹேலிடம் அழுத்திச் சொல்லியிருக்க மாட்டார்கள் என நினைக்கிறேன்.

கணக்குப் போட்டால் 0.047 ஆர்க் செகண்ட். ஒரு டிகிரியை 3,600 கூறு போட்டு, அதில் ஒரு கூறை மறுபடி இருபத்தோரு துண்டாக்கினால் வரும் ஒரு துண்டு. சென்னையில் நின்றுகொண்டு ஏறக்குறைய திண்டிவனத்தில் ஒருவர் நீட்டும் பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்தைச் சொல்கிற காரியம். அன்றைய தூரக் கணக்கை வைத்துப் பார்த்தால் நட்சத்திரத்தின் விட்டம் 38 கோடி கிலோமீட்டர். சூரியன் இருக்கிற இடத்தில் திருவாதிரையை வைத்தால் பூமி அதன் தொப்பைக்குள். சூரியனைத் தவிர்த்து இன்னொரு நட்சத்திரத்தின் அகலத்தை மனிதன் அளந்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சரித்திர இரவில் மைக்கேல்சன் எங்கே? மலையில் இல்லை. குளிரில் விறைத்து ‘இல்லை’யைக் கண்டவர்கள் பீஸும் ஆண்டர்சனும், பாடப்புத்தகத்தில் ஏறியவர் மைக்கேல்சன். இன்னும் வேடிக்கை, அதே வருஷம் ஆகஸ்டில் எடிங்டன் என்கிற வானியலாளர் பேப்பரும் பேனாவுமாகவே திருவாதிரை 0.051 இருக்கும் என்று சொல்லிவிட்டிருந்தார். அவர் எந்த உத்தரத்திலும் ஏறவில்லை.

பீஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபதடியில் ஒரு திருவாதிரை என்றால் ஐம்பதடியில்? கட்டினார். ஐம்பதடி உத்தரம், டன் கணக்கில் எஃகு. 1930 வாக்கில் தயார். அதுவோ நடுங்கியது, வளைந்தது, முனகியது. இதில் வெளிச்சம் வரும் இரண்டு பாதைகளும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக்கூடப் பிசகாமல் பொருந்தி நிற்க வேண்டும். 1938இல் பீஸ் இறந்துபோகும்வரை ஐம்பதடிக்காரன் நம்பிச் சொல்லும்படி பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஜான் ஹெர்ஷல் இருந்திருந்தால் குழாய்க்குள் உட்கார்ந்து பாட இன்னொரு பாட்டு எழுதிக் கொடுத்திருப்பார்.

இந்த இடத்தில் கதை நீலகிரிக்கு வருகிறது. வலிந்து இழுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஊட்டி ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், குன்னூர் தாண்டியதும் அருவங்காடு, கார்டைட் ஃபேக்டரி. அங்கே வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரிக்கு 1916இல் பிறந்த பையன்தான் ராபர்ட் ஹான்பரி பிரவுன். படித்தது இன்ஜினியரிங், யுத்தத்தில் ரேடார் வேலை. இயற்பியலில் ஆழம் கம்மி. அதுவே அவருடைய அதிர்ஷ்டம்.

அவர் கேட்ட கேள்வி இது. இரண்டு வெளிச்சத்தையும் ஒன்றுசேர்த்துப் பட்டை பார்ப்பதால்தானே இத்தனை நடுக்கம், வளைவு, வம்பு? சேர்க்காமலேயே விட்டால்? இங்கே ஒரு கண்ணாடி, அங்கே ஒரு கண்ணாடி. ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எப்படித் துடிக்கிறது என்பதை மின்சாரமாக மாற்றி, இரண்டு துடிப்பும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தால்? கணக்கை ரிச்சர்ட் ட்விஸ் பார்த்துக்கொண்டார். கண்ணாடிக்கு இவர் போன இடம் ராணுவம். யுத்தத்தில் விமானம் தேடிய இரண்டு சர்ச்லைட்டுகளை வாங்கி வந்து வானத்தைப் பார்த்து நிறுத்தினார். அதில் பார்த்தால் நிலா கூட உருப்படியாகத் தெரியாது, அத்தனை மட்டமான கண்ணாடி. ஆனால் இந்த வித்தைக்கு அதுவே தாராளம்.

இடம் மான்செஸ்டர் பக்கம், ஜோட்ரல் பேங்க். 1955 நவம்பரிலிருந்து மார்ச் வரை அறுபது இரவு காத்துக் கிடந்ததில் மேகம் மனம் வைத்தது மொத்தம் பதினெட்டு மணி நேரம். அதில் சிரியஸ் நட்சத்திரத்தின் அகலத்தை அளந்துவிட்டார்கள். படித்தவர்கள் கொதித்துப் போனார்கள். அதெப்படி ஐயா, ஒளி என்பது ஃபோட்டான், ஒரு ஃபோட்டான் ஒரு இடத்தில்தான் விழும், தனித்தனி ஃபோட்டான்கள் எப்படிப் பேசி வைத்துக்கொண்டு ஜோடியாக வரும்? சோதனை செய்து பார்த்து, இது நிஜமானால் குவாண்டம் இயக்கவியலையே திருத்தி எழுத வேண்டும் என்று எழுதினார்கள் இரண்டு பேர். ஒன்றையும் திருத்த வேண்டாம், சோதனைதான் போதுமான நுட்பத்தோடு செய்யப்படவில்லை என்று எட்வர்ட் பர்செல் சுருக்கமாக எழுதி அடக்கினார். குவாண்டம் தெரிந்தவர்கள் இது நடக்காது என்று நிரூபித்துக்கொண்டிருக்க, ரேடார்க்காரர் அளந்து முடித்திருந்தார்.

அந்தச் சண்டையிலிருந்து குவாண்டம் ஒளியியல் என்று ஒரு துறையே கிளம்பியது. அதற்காக 2005இல் கிளாபருக்கு நோபல் கொடுத்தார்கள், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த சுதர்சனுக்குக் கொடுக்கவில்லை. அது தனிப் பஞ்சாயத்து, இன்னொரு நாள் உட்காரலாம். ஹான்பரி பிரவுன் இந்த ரகளைக்கெல்லாம் நிற்காமல் ஆஸ்திரேலியாவில் நராப்ரி போய், வட்டமாகத் தண்டவாளம் போட்டு, அதில் இரண்டு ராட்சதக் கண்ணாடிச் சட்டங்களை ரயில் ஓட்டினார். முப்பத்திரண்டு நட்சத்திரங்களின் அகலத்தை அளந்தார். ஒன்றுக்குக்கூடப் படம் இல்லை.

ஆமாம், அதைச் சொல்லவே மறந்துவிட்டோமே, படம்! அகலம் தெரிந்தாயிற்று. முகம்? பட்டை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பது பாதி விஷயம்தான். பட்டை எந்தப் பக்கம் தள்ளி நிற்கிறது என்பது மறுபாதி. எது எங்கே இருக்கிறது என்கிற முகவரி அதில்தான் இருக்கிறது. நம்முடைய காற்றுமண்டலமோ நொடிக்கு நூறு தடவை அந்தப் பட்டையை இடமும் வலமுமாக ஆட்டி முகவரியை அழித்துவிடும். 1958இல் ரோஜர் ஜென்னிசன், அதே ஜோட்ரல் பேங்க்காரர், ரேடியோ அலைகளுக்கு ஒரு வழி சொன்னார். இரண்டுக்குப் பதில் மூன்று ஏரியல் வையுங்கள். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு பொய் சொல்லும். மூன்று ஜோடிகளையும் வட்டமாகச் சுற்றிக் கூட்டினால் ஒவ்வொரு பொய்யும் ஒருமுறை கூட்டலிலும் ஒருமுறை கழித்தலிலும் வந்து அடிபட்டுப் போகும், மிச்சம் இருப்பது வானத்தின் உண்மை. இந்த அபார யோசனையை உலகம் எப்படி வரவேற்றது? நன்றாக மடித்துப் பதினைந்து வருஷம் அலமாரியில் வைத்தது.

வெளிச்சத்துக்கு அது வந்து சேர இன்னும் தாமதம். 1995இல் கேம்பிரிட்ஜ்காரர்கள் கோஸ்ட் என்று பெயர் வைத்து, தனித்தனியாக நின்ற சின்னத் தொலைநோக்கிகளைச் சேர்த்து கபெல்லா நட்சத்திரத்தைப் படம் எடுத்தார்கள். தனித்தனித் தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்து மனித குலம் எடுத்த முதல் படம். ஃபிஸோ சொல்லி நூற்றிருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது. படத்தில் இருந்தது மங்கலாக இரண்டு பொட்டு. கபெல்லா இரட்டை நட்சத்திரம் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும்.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா, இப்போது பத்து பில்லியன் டாலர் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு வாருங்கள். பதினெட்டுத் தங்க முலாம் கண்ணாடி, பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியது. அதன் ஒரு கருவிக்குள்ளே ஏழு ஓட்டை போட்ட ஒரு தகடு இருக்கிறது. வெளிச்சப் பாதையில் அதை நகர்த்தி வைத்தால் வந்த ஒளியில் சுமார் 85 சதவீதம் வீண். எந்த இரண்டு ஓட்டைக்கும் நடுவிலான இடைவெளி இன்னொரு ஜோடிக்கு வரக்கூடாது என்று யோசித்து யோசித்துப் போட்ட ஓட்டைகள். மார்சேயில் கண்ணாடியை மூடிய மனிதருக்கு இதைக் காட்டியிருந்தால் சம்பளப் பாக்கி கேட்டிருப்பார்.

ஓட்டை வழியாக வருவது படத்தின் சில துண்டுகள்தான். மிச்சத்தைக் கணினி இட்டு நிரப்ப வேண்டும். இங்கேதான் மனுஷ புத்தி விளையாடும். 1990இல் ஹபிள் தொலைநோக்கி வானத்துக்குப் போன பிறகு அதன் கண்ணாடி ஓரத்தில் 2.2 மைக்ரான் அதிகமாகத் தேய்ந்திருப்பது தெரிந்தது. சோதிக்கும் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்ததால் வந்த வினை. வேறு சோதனைகள் தப்பு என்று சொல்லியும், உசத்தியான கருவி சொல்வதே வேதம் என்று விட்டிருந்தார்கள். உடனே ரிச்சர்ட்சனும் லூசியும் 1970களில் எழுதிவைத்த கணக்கைத் தூசு தட்டி எடுத்தார்கள். மங்கலான படத்தைக் கொடுத்தால் சுற்றுச் சுற்றாகத் தெளிவாக்கித் தரும். அளவோடு சுற்றினால் அமுதம். ஆசைப்பட்டு இன்னும் நாலு சுற்று விட்டால் வெறும் இரைச்சல்கூடப் புத்தம்புது நட்சத்திரமாகப் பொறுக்கிக் கொடுக்கும். கண்டுபிடிப்பாளர் ஆவதற்கு இத்தனை சுலபமான வழி வேறு இல்லை.

இந்தப் பயம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு, இதே வித்தையின் ரேடியோ கிளையில் நடந்தது ஒன்று. தொலைநோக்கிகளைப் பூமி முழுக்கப் பரப்பி, 2017இல் எம்87 கேலக்ஸியின் கருந்துளையைப் பதிவு செய்தார்கள். தென்துருவத்தில் பதிவான ஹார்ட் டிஸ்க்குகளை எடுத்துவர விமானம் போக முடியாது, அங்கே குளிர்காலம் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். வந்ததும் படம் தயாரிக்க நாலு குழு. ஒரு குழு இன்னொன்றோடு பேசக் கூடாது, காட்டக் கூடாது, காப்பியடிக்கக் கூடாது. ஐன்ஸ்டைனின் கோட்பாடு வளையம் என்று சொல்கிறதே என்று தங்கள் மனசே வளையம் போட்டுவிடுமோ என்று தங்களைப் பார்த்தே பயந்த கோஷ்டி அது. வாரக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்து, கடைசியில் ஒரே அறையில் நாலு படத்தையும் திறந்தார்கள். நாலிலும் வளையம்.

2019 ஏப்ரல் 10. ஒரே நேரத்தில் பல நாடுகளில் பத்திரிகையாளர் கூட்டம். ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தூரத்து இருட்டின் படத்தைத் திரையில் போட்டார்கள். உலகம் கண்ணாடியைச் சரிசெய்து, ஜூம் பண்ணி, ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டது, ஏன் சார் கொஞ்சம் ஃபோகஸ் அவுட்டா இருக்கு?